இல்லில் நட்ட காந்தள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், வடபால் அமைந்துள்ள சிற்றூர் தாசேக் கெலுகோர். மலாய் மொழியில் தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது புளிப்புக் காய் காய்க்கும் ஒரு மரம். அக்காயை மெல்லிய வில்லைகளாகச் சீவி, வெயிலில் உலர்த்தி, மீன்குழம்பில் புளிக்கு மாற்றாக இடுவர். மளிகைக் கடைகளில் 'அசாம் கெப்பிங்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். தமிழகத்தில் ஆலங்குடி, வேப்பூர், பனையூர் என்று ஊர்கள் மரத்தால் பெயர் பெற்றமை போலவே இவ்வூரும் மரத்தால் பெயர் பெற்றது. ஊருக்குப் பெயரிட்டவர் மலாய்க்காரரேயாயினும், இவ்வழக்கம் தமிழருக்குப் புதிதன்று.

இத்தகைய ஊரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை ஒரு மாணவன் இப்படிக் கேட்பதாகக் கொள்வோம். "ஐயா, இலையுதிர் காலத்தில் கிழங்கை நட்டால் வசந்த காலத்தில் பூக்கும் என்று நூலில் உள்ளதே! நம் ஊரில் இலையுதிர் காலம் எப்போது வரும்?" ஆசிரியர் புன்னகை செய்து, "இங்கு வாராது" என்று சொல்லி நகர்ந்து விடலாம். அவ்விடை பொய்யன்று, ஆயினும் முழுமையானதுமன்று. அவ்வினாவின் வேரைப் பற்றிச் சென்றால், அது உலக வரலாற்றினூடும், நம் சங்கப் பாடலினூடும், கடல் கடந்த நம் முன்னோரின் வாழ்வினூடும் செல்லக் காண்போம்.

குளிரில் உறங்கும் கிழங்கு

ஐரோப்பியர் தம் வீட்டுத் தோட்டங்களில் இலையுதிர் காலத்தில் நடுவன துலிப், நார்சிசஸ், ஹயாசிந்த் முதலிய மலர்களின் கிழங்குகள். இவை பார்வைக்கு வெங்காயத்தை ஒத்தன. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் அடுக்கடுக்காகச் சதைப்பற்றுள்ள இதழ்களைக் காண்கிறோம். துலிப் கிழங்கின் அமைப்பும் அதுவே. அவ்வடுக்குகளின் நடுவே, கோடையிலேயே, மறு ஆண்டின் மலர் மிகச் சிறிய உருவில் கருக்கொண்டு விடுகிறது. ஆகவே தோட்டக்காரர் மண்ணில் புதைக்கும்போது மலரையும் சேர்த்தே புதைக்கிறார் எனலாம்.

கருக்கொண்ட மலர் வெளிவர வேண்டுமாயின், கிழங்கு ஏறத்தாழ மூன்று திங்கள் குளிரில் கிடத்தல் வேண்டும். அக்குளிரின் பயனாகவே தண்டு நீண்டு மேலெழுகிறது. குளிர் போதாவிடின் மலர் தரையோடு தரையாய்க் குறுகி நின்று கருகும். அக்டோபர், நவம்பர் திங்கள்களில் நட்டுப் பனிக்காலம் முழுதும் மண்ணுள் விட்டுவைப்பதற்குக் காரணம் இதுவே.

துலிப் ஐரோப்பாவிலே தோன்றியதன்று. நடு ஆசியாவின் மலைச்சாரல்களில் காட்டுப் பூவாய் நின்ற அதனைத் துருக்கியர் தம் அரண்மனைத் தோட்டங்களில் வளர்த்துப் போற்றினர். 16-ஆம் நூற்றாண்டில் அது மேற்றிசை சென்றது. 1593-இல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த கரோலஸ் குளூசியஸ் என்னும் செடிநூல் அறிஞர் அங்குள்ள தோட்டத்தில் துலிப் கிழங்குகளை நட்டார். அடுத்த ஆண்டின் வசந்தத்தில் அவை பூத்தன. பின்னர் ஒல்லாந்தில் அக்கிழங்கு வாணிகப் பொருளாகி, சூதாட்டப் பொருளாகவும் மாறியது. மண்ணுள் கிடக்கும் கிழங்கைக் கண்ணால் காணாமலே கைமாற்றிக் கைமாற்றி விலையை ஏற்றினர். 1637-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்விலை ஒருசேரச் சரிந்தது. பூவின் அழகை மறந்து விலையையே கண்டவர் ஏமாந்தனர் என்பது அவ்வரலாறு தரும் பாடம்.

இந்தியாவிலும் இம்முறை நடைபெறும் இடம் உண்டு. காசுமீரத்துச் சிறீநகரில், சபர்வான் மலையடியில், அமைந்துள்ள துலிப் தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் கிழங்குகளை நட, மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் அவை பூக்கின்றன. அருகிலுள்ள பாம்பூரிலோ குங்குமப்பூவின் கிழங்கைக் கோடை முடிவில் நட, அது இலையுதிர் காலத்திலேயே மலர்கிறது. ஒரே பள்ளத்தாக்கில் ஒரு கிழங்கு அக்காலத்தில் உறங்கச் செல்ல, மற்றொன்று விழித்தெழுகிறது. காலம் ஒன்றேயாயினும் ஒவ்வோர் உயிரும் அதனைத் தன் இயல்புக்கேற்பவே பயன்கொள்கிறது.

நம் பெரும்பொழுதுகள்

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். தமிழர் ஆண்டினை நான்காகப் பகுத்தாரல்லர், ஆறாகப் பகுத்தனர். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இவற்றுள் மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்னும் பொழுதோடு ஒத்து வருவது கூதிர். அவர்களுக்கு அது இலை பழுத்து உதிரும் காலம். நமக்கோ மழை பொழிந்து நிலம் குளிரும் காலம். தொல்காப்பியர் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதுகளாக வகுத்தார்.

அக்குறிஞ்சித் திணையின் தலைசிறந்த மலர்களுள் ஒன்று காந்தள். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் மகளிர் பறித்துக் குவித்த மலர்களை அடுக்கிச் சொல்லும்போது செங்காந்தளையே முதற்கண் வைத்தார். திருமுருகாற்றுப்படை முருகனுக்குக் காந்தட் கண்ணியைச் சூட்டுகிறது. தொல்காப்பியம் வேலன் வெறியாடும் துறைக்கே காந்தள் என்று பெயர் தந்தது. மகளிரின் மெல்விரலுக்கு அதன் இதழை உவமை கூறாத அகப்புலவர் சிலரே.

காந்தளும் கிழங்கிலிருந்து எழும் கொடியே. அதன் கிழங்கு கலப்பையைப்போல் இருகவடாய் வளைந்திருத்தலால் கலப்பைக் கிழங்கு என்னும் பெயரும் அதற்கு உண்டு. கார்த்திகைத் திங்களை ஒட்டிப் பூத்தலால் ஈழத்தார் கார்த்திகைப் பூ என்பர். மழை ஓய்ந்து நிலம் வறண்டதும் கொடி மடியும். கிழங்கு மண்ணுள் உறங்கும். மீண்டும் மழை பெய்ய, முளை நிலத்தைப் பிளந்துகொண்டு வரும். அதன் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள செடியைப் பற்றி ஏறும். இதழ்கள் முதலில் பசுமையாய், பின் மஞ்சளாய், இறுதியில் செந்தழலாய் நிறம் மாறி, மேல்நோக்கி வளைந்து நிற்கும்.

இங்கே ஓர் உண்மையை ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்டல் வேண்டும். துலிப் கிழங்கை உறங்க வைப்பது குளிர். காந்தள் கிழங்கை உறங்க வைப்பது வறட்சி. அதனை எழுப்புவது வசந்தத்தின் வெம்மை. இதனை எழுப்புவது மழை. கிழங்கு என்பது கடுங்காலத்தைக் கடத்தற்குச் செடி கண்ட வழி. அக்கடுங்காலம் பனியாயினும் வெயிலாயினும் அவ்வழி ஒன்றே.

குறுந்தொகைத் தலைவி

வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு நடுதலைப் பற்றித் தமிழில் ஏதேனும் உண்டா என்று வினவுவார்க்கு, உண்டு என்று துணிந்து கூறலாம். குறுந்தொகையின் 361-ஆம் பாடல் அதுவே, பாடியவர் கபிலர்.

தலைவனது மலையில் மாலையில் மழை பெய்கிறது. பெருகிய ஆற்றுநீர் ஒரு காந்தளை வேரும் கிழங்குமாக அடித்துக்கொண்டு காலையில் தலைவியின் ஊருக்கு வந்து சேர்கிறது. தலைவி அதனைக் கண்டு எடுத்து, அதன் மெல்லிய இலை குழையுமாறு தழுவுகிறாள். வீட்டுக்குக் கொண்டுசென்று நடுகிறாள். தாய் இவையனைத்தையும் காண்கிறாள்; ஆனால் தடுக்கவில்லை. அத்தாய்க்குக் கைம்மாறாக மேலுலகத்தையே கொடுத்தாலும் சிறிது என்று தலைவி தோழியிடம் நெகிழ்ந்து கூறுகிறாள்.

இப்பாடலை நாம் அகத்துறை விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதனுள் ஒரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. மலையில் தானே வளர்ந்த ஒரு கொடியை மனைக்குக் கொணர்ந்து நட்டு வளர்ப்பது ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்க்கு இயல்பாயிருந்தது என்பதே அது. அப்படி நட்டது உணவுக்கன்று, மருந்துக்கன்று, வாராதவனின் மலையிலிருந்து வந்ததென்னும் ஒரே காரணத்துக்காக. பிரிந்திருக்கும் ஓரிடத்தின் மண்ணை நம் மண்ணோடு சேர்ப்பதற்கு ஒரு கிழங்கு போதும் என்பதை அத்தலைவி அறிந்திருந்தாள். இப்பொருளைப் பின்னர் மீண்டும் காண்போம்.

நஞ்சும் மருந்தும்

காந்தளைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். அதன் கிழங்கு முதல் விதை வரை அனைத்தும் நஞ்சு. அதிலுள்ள நச்சுப் பொருளுக்குக் கொல்கிசின் என்று பெயர். இப்பெயர் ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்கிக்கம் என்னும் கிழங்குச் செடியால் வந்தது. அச்செடியிலிருந்து அதனை 1820-இல் பிரெஞ்சு அறிஞர் பெல்தியேவும் கவந்துவும் பிரித்தெடுத்தனர். காந்தளும் கொல்கிக்கமும் ஒரே செடிக் குடும்பத்தைச் சார்ந்தவை. குளிர்நாட்டின் இலையுதிர் மலரும் நம் கூதிர் மலரும் குருதி உறவுடையன என்பது வியப்பன்றோ!

சிறு அளவில் அதே நஞ்சு, மூட்டுகளைத் தாக்கும் கவுட்டு நோய்க்கு மருந்தாகிறது. 1937-இல் அது செடிகளின் மரபுக்கூறுகளை இரட்டிக்க வல்லதென்று கண்டறியப்பட்டது. விதையில்லாத் தர்ப்பூசணி உருவாக்கப்பெற்றது அதன் துணையால்தான். அதே 1937-ஆம் ஆண்டில்தான் உ. வே. சாமிநாதையர் குறுந்தொகையைத் தம் உரையுடன் பதிப்பித்தார். ஒரே ஆண்டில் அறிவியல் காந்தளின் நஞ்சுக்குப் புதிய பயனைக் கண்டது. தமிழ், காந்தளின் பழைய பாட்டுக்குப் புதிய பதிப்பைக் கண்டது.

இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் காந்தளே. கொங்கு நாட்டு மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும் ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் உழவர் அதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். ஆனி, ஆடியில் கிழங்கை நட்டுக் கொடியைப் பற்றுக்கோல்களில் ஏற்றி, காலை வேளைகளில் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையாலேயே சேர்ப்பர். ஏறத்தாழ ஆறு திங்களில் காய் முற்றும். விதை மருந்துக்காக அயல்நாடுகளுக்குச் செல்லும். ஆனால் நடுதற்கெனக் காட்டுக் கிழங்குகளை அகழ்ந்தெடுத்ததால் பல இடங்களில் காட்டுக் காந்தள் அருகிவிட்டது. கபிலர் காலத்தில் ஆறு கொணர்ந்து தந்த கிழங்கு இன்று விலை கொடுத்து வாங்கும் பொருளாயிற்று.

கடல் கடந்த கிழங்குகள்

பினாங்கின் வரலாறு மனிதர் குடியேறிய வரலாறு மட்டுமன்று. செடிகள் குடியேறிய வரலாறுமாகும். 1786-இல் பிரான்சிசு லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கைக்கொண்டார். 1800-இல் எதிர்க்கரையிலுள்ள நிலப்பகுதியும் கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்டு வெல்லெசுலி மாகாணம் எனப் பெயரிடப்பட்டது. இன்றைய செபராங் பிறை அதுவே. கும்பினியின் செடிநூல் அறிஞர் கிறிஸ்தோபர் சுமித் மொலுக்கத் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்குக் கொணர்வித்தார். 1884-இல் சார்லசு கர்ட்டிசு அருவியடியில் இன்றுள்ள தாவரத் தோட்டத்தை உருவாக்கினார்.

வெல்லெசுலி மாகாணத்தில் கரும்பும் மரவள்ளியும் தென்னையும், பின்னர் பால்மரமும் பயிராயின. அவற்றை நட்டு வளர்த்த கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்பு கங்காணிகளின் கீழும் அவர்கள் வந்தனர். ஒப்பந்தமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர் எண்ணிறந்தோர். 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பலின் பெயர் நம் பெரியோரின் நாவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

கடற்பயணத்தில் வேரோடு பிடுங்கிய செடி வாடிவிடும். விதையும் கிழங்குமே பயணத்தைத் தாங்குவன. மஞ்சளும் இஞ்சியும் சேனையும் ஒரு துணி முடிச்சினுள் பல நாள் உறங்கிக் கிடந்து, மண்ணைக் கண்டவுடன் விழித்தெழும் இயல்புடையன. லயத்து வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும், முன்புறத்தில் துளசியும் செம்பருத்தியும் தழைத்த நிலையைத் தோட்டத்தில் வாழ்ந்தார் யாவரும் அறிவர். தாசேக் கெலுகோர் வட்டாரத்து மலாக்கோப் முதலிய தோட்டங்களிலும் வாழ்வு அதுவாகவே இருந்தது. பகல் முழுதும் அயலாருக்காகப் பால்மரம் வெட்டியவர், மாலையில் தமக்கென நட்ட ஒரு முழ நிலத்தில்தான் தாம் உரிமையாளர் என்னும் உணர்வைப் பெற்றனர். அந்நிலமும் சட்டப்படி அவருடையதன்று என்பதே அவ்வாழ்வின் துயரம்.

நம் மாலைகளிலும் மணவறைகளிலும் மணக்கும் நிலச்சம்பங்கியும் கிழங்குச் செடியே. அது மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது என்றால் மாணவர் நம்புவதற்குத் தயங்குவர். மழை பெய்த சில நாட்களில் திடீரெனப் பூத்து நிற்கும் மழை அல்லியும் அமெரிக்கக் கண்டத்தினதே. அவை எங்கிருந்து வந்தன என்று இன்று யாரும் வினவுவதில்லை. வந்த மண்ணில் வேரூன்றிப் பயன் தந்தமையால் அவை இம்மண்ணுக்கு உரியவாயின. மனிதருக்கும் இந்நியதி பொருந்த வேண்டுமென்று கருதுவது தவறாகாது.

பசித்த நாளில்

கிழங்கின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஓர் ஏடு உண்டு. 1941 திசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1945 வரை நீடித்த அவர்தம் ஆட்சியில் அரிசி கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பூந்தோட்டங்களும் புல்வெளிகளும் கொத்தப்பட்டு அங்கெல்லாம் மரவள்ளி நடப்பட்டது. தோட்டப்புற மக்கள் காலையும் மாலையும் மரவள்ளியையே உண்டு உயிர் தாங்கினர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதாரின் வீடுகளில், எஞ்சிய பெண்டிரையும் பிள்ளைகளையும் காத்தது அக்கிழங்கே.

அதே போரின் இறுதியில், 1944, 1945-ஆம் ஆண்டுகளின் பனிக்காலத்தில், செருமானியரின் பிடியில் இருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடும்பஞ்சம் தோன்றியது. அங்கே மக்கள் உண்டது துலிப் கிழங்கு! முந்நூறு ஆண்டுகட்கு முன் பொன்னுக்கு நிகராக விலைபோன கிழங்கை, நடுவிலுள்ள முளையை நீக்கி, அவித்துப் பசியாறினர். உலகின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், ஒரே காலத்தில் கிழங்கை அகழ்ந்து உயிர் பிழைத்தனர். வரலாற்றைப் பேரரசர்களின் போராகவே கற்பிக்கும் நாம், அடுப்பில் வெந்த கிழங்கின் வாயிலாகவும் அதனைக் கற்பித்தல் வேண்டும்.

மாணவனுக்கு விடை

இனி அம்மாணவனின் வினாவுக்கு மீள்வோம். தாசேக் கெலுகோரில் இலை உதிர்ந்து பனி பெய்யும் காலம் இல்லை. துலிப்பை அங்கே மண்ணில் நட்டால் பூக்காது. ஆயினும் அங்கே பொழுதுகள் இல்லை என்பது பிழை. சனவரியிலும் பிப்ரவரியிலும் வானம் வறள்கிறது, பால்மரம் இலையுதிர்க்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுகிறது. புரட்டாசியும் ஐப்பசியும் அங்கேயும் காரும் கூதிருமாகவே வருகின்றன. மேல்நாட்டு நூலின் நான்கு பருவங்களைக் காட்டிலும் தொல்காப்பியரின் கூதிர், பினாங்கின் வானத்துக்கு அணுக்கமானது.

ஆதலால் பள்ளித் தோட்டத்தில் கிழங்கு நட விரும்பும் ஆசிரியர், வறட்சி முடியும் மார்ச்சுத் திங்களில் மழை அல்லியையோ நிலச்சம்பங்கியையோ நடலாம்; நீர் தேங்காத மண்ணே வேண்டும். காந்தளை நடுவதாயின் சிறுவர் கை எட்டாத இடம் தேர்ந்து, கையுறை அணிந்து, பெரியவரே நடுதல் வேண்டும். அதன் கிழங்கின் நுனியில்தான் முளை உண்டு. நுனி ஒடிந்தால் பின்பு முளைக்காது. கிடையாக வைத்து இரண்டு, மூன்று விரற்கடை மண்ணிட்டு மூடி, கொடி பற்றிப் படர ஒரு கொழுகொம்பு நட்டால் போதும். அஞ்சுவார் அதனை நடாமல் பாடலில் மட்டும் கற்பிக்கலாம், அதனாலும் குறையில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயங்கள் இடிந்தபோது அவற்றின் பின்புறத் தோட்டங்களும் அழிந்தன. அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் மக்களுக்கு இன்று எஞ்சியிருப்பது நடைக்கூடத்தில் வைக்கும் இரண்டொரு பூந்தொட்டிகளே. அத்தொட்டியில் பாட்டி ஒருத்தி ஒரு துண்டு மஞ்சளை ஊன்றுகிறாள் என்றால், அவள் ஊன்றுவது மஞ்சளை மட்டுமன்று. அந்தத் தோட்டத்தையும், அதற்கு முன் கடலையும், அதற்கும் முன் ஓர் ஊரையும் அவள் அதில் ஊன்றுகிறாள். அதன் பெயரும் பருவமும் பேரப்பிள்ளைக்குத் தமிழில் சொல்லப்பட்டால் அது வாழும். சொல்லப்படாவிடின் மண்ணுள் உறங்கும் கிழங்கைப்போல் உறங்காது, மட்கிப் போகும்.

குறுந்தொகைத் தலைவி தன் தாயை வாழ்த்தியதற்குக் காரணம் அத்தாய் ஏதேனும் கொடுத்தாள் என்பதன்று. நடுவதைத் தடுக்கவில்லை என்பதே. நம் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அப்பாடல் உணர்த்தும் கடமையும் அதுவே. ஆறு கொணர்வதைப் பிள்ளைகள் எடுத்து வரட்டும், இல்லில் நடட்டும். இங்கு இலையுதிர் காலம் வாராதென்று சொல்லி நகர்ந்துவிடாது, கூதிர் வருகிறது, மண்ணைக் கிளறு என்று சொல்வோமாக.